இரண்டு முறை அச்சான புத்தகம்

நான்கு வருடங்களுக்கு முன்னால், தீபாவளி முடிந்து காலண்டர் வேலை கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கார்த்திகை மாதம். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவு என் பொறுப்பு. இன்றும் அதே வேலைதான். அச்சாகி வரும் பெரிய தாளை மடிப்பேன், தைப்பேன், ஓரம் வெட்டுவேன். அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று வாசிப்பது என் வேலையில்லை. வாசித்திருக்கலாம்.

அந்த மாதம் ஒரு கோச்சிங் சென்டரின் இயற்பியல் வினாத் தொகுப்பு எங்களிடம் அச்சானது. மருத்துவ நுழைவுத் தேர்வுக்கானது. கடையில் கிடைக்காது, அங்கே பணம் கட்டிச் சேர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும். எங்கள் முதலாளியின் மகனும் அங்கேதான் படித்தான். காரில் போவான், காரில் வருவான்.

என் பக்கத்து வீட்டிலும் ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள், அரசுப் பள்ளியில். அப்பா பட்டாசு ஆலையில் லோடு ஏற்றுபவர். அம்மா வீட்டிலிருந்தே வெடிக்குக் கம்பியில் காகிதக் குழாய் சுருட்டுவார். பசையின் புளித்த வாடையும், கம்பி உருளும் சத்தமும், கூடவே அந்தப் பெண் உரக்கப் படிக்கும் குரலும் சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் தனி ஒதுக்கீடு வந்திருந்த சமயம். “நீ எழுதினால் கிடைக்கும்” என்று உயிரியல் டீச்சர் அவளிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தில் அந்த வீடே கொஞ்சம் உயரமாகிவிட்டது.

ஒருநாள் அவள் அம்மா என்னை வாசலில் நிறுத்தினார். “அண்ணே, உங்க கம்பெனில டாக்டர் பரீச்சை புக்கு ஓடுதாமே. ஒண்ணு கிடைக்குமாண்ணே? கிழிஞ்சதா இருந்தாலும் பரவால்ல.”

முழுப் புத்தகத்தைத் தொட்டால் வேலை போய்விடும். ஆனால் வேஸ்ட் தாளை யாரும் கேட்பதில்லை. மெஷின் ஓடத் தொடங்கும்போது மை சரியாகப் பிடிக்கும்வரை வரும் தாள்களை ஒதுக்கி அடுக்குவார்கள். எழுத்து கொஞ்சம் வெளிறியிருக்கும், அவ்வளவுதான். பிறகு மொத்தமாக வெடிக் குழாய்க்குப் போய்விடும். அன்றைக்கு அந்தப் புத்தகத்தின் வேஸ்ட் அடுக்கு வழக்கத்தைவிட உயரமாக இருந்தது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. பக்கம் விடுபடாதபடி வகைக்கு ஒரு தாளாக உருவிச் சுருட்டி, வண்டியில் கட்டிக்கொண்டு போனேன்.

ஒரு தாளில் பதினாறு பக்கம். பாதிப் பக்கங்கள் தலைகீழாக நிற்கும். அவள் அதை விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “என்ன மாமா இது? டாக்டராகுறதுக்குள்ள கழுத்து சுளுக்கிரும் போலயே.”

மடிக்கக் கற்றுக் கொடுத்தேன். நான்காவது தாளை அவளே மடித்தாள். என்னைவிட நேர்த்தியாக. சாக்கு ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை போட்டு, முகத்தருகே கொண்டுபோய் மை வாசம் பிடித்தாள். அன்று நான் பெரிய தர்மவான்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் வீட்டுக்குள் நுழைந்தேன்.

தை மாதம் அந்தப் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

“மாமா, நான் போடுற விடையும் கீழ இருக்கிற விடையும் ஒத்தே வரமாட்டேங்குது. இருபத்தஞ்சுல ஆறுதான் வருது. புக்கு தப்பா இருக்குமோ?”

அவள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் மாற்றலாகிப் போய், பதிலுக்கு ஆள் வராத வருடம் அது. கேட்பதற்கு என்னைவிட்டால் நாதியில்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டாத என்னை!

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் துடைக்க முடியவில்லை.

“ஏத்தா, அம்புட்டுப் பணம் வாங்குறவன் தப்பாவா போடுவான்? பெரிய பெரிய வாத்தியாருக உக்காந்து எழுதினது. நீதான் எங்கனயோ கோட்டை விட்டிருப்ப. திரும்பப் போட்டுப் பாரு.”

“மூணு தடவை போட்டுட்டேன் மாமா.”

“நாலாவது தடவை போடு.”

தலையாட்டிவிட்டுப் போனாள். அதன்பின் சுவர்வழியே வரும் குரல் மெல்லத் தேய்ந்து, ஒருநாள் நின்றுபோனது. கம்பி உருளும் சத்தம் மட்டும் வந்தது. தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி வாரம். “எனக்கு அது வராதுப்பா, விட்ருங்க” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவள் அம்மா மறுபடி என்னிடம் வந்தார். “நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாண்ணே.” நான் சொன்னேன்: “வராததைப் போட்டுக் கட்டாயப்படுத்தாதீக.”

அவள் விண்ணப்பிக்கவில்லை. கல்லூரியை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அந்த அடுத்த வருடம் வரவேயில்லை. ஆலை வேன் வந்தது. பேக்கிங் வேலைக்கு ஏறிப் போனாள்.

முதலாளி மகன் அந்த வருடம் தேர்வு எழுதினான், மார்க் வரவில்லை. வெளியூரில் விடுதியோடு சேர்த்துவிட்டு மறுபடி எழுத வைத்தார்கள். அதற்கும் மறுவருடம் மூன்றாவது தடவை. பிறகு ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. வாழ்த்துப் போஸ்டர் எங்களிடமே வழவழப்பான தாளில் அச்சானது. ஓரம் வெட்டிக்கொண்டிருந்தேன். மெஷின்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

“இந்த மகராசன் புக்குதான அண்ணாச்சி அன்னைக்கு நம்மள ரெண்டு தடவை ஓட விட்டுச்சு.”

“எந்தப் புக்கு?”

“அதான், இந்த வருசத்துக் கேள்விக்குக் கீழ போன வருசத்து விடையைப் போட்டு அனுப்பிட்டானுகளே. பாதி ஓடினப்புறம்தான் அவுக வாத்தியாரு கண்டுபிடிச்சு ஓடியாந்தாரு. அம்புட்டையும் வேஸ்ட்ல தள்ளிட்டு முதல்லருந்து ஓட்டினோம். நீங்க காலண்டர் வேலைல கிடந்தீக, உங்களுக்கு எங்க தெரியும்.”

கத்தி இறங்கியது. போஸ்டரில் அந்தப் பையனின் தோள் கோணலாக வெட்டுப்பட்டது. உயரமாக நின்ற அந்த அடுக்கு என் கண்முன் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்குப் போனேன். அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து குழாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை மட்டும் நின்றது. பசை விரலிலேயே காய்ந்தது.

“அப்ப நான் போட்டது சரிதானா மாமா?”

“சரிதான் தாயி.”

“எல்லாமேவா?”

எனக்கு என்ன தெரியும்? “அந்தப் புத்தகத்தைக் குடு, யாராவது வாத்தியாரிட்டக் காட்டிக் கேப்போம்” என்றேன். அவள் அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கம்பியை உருட்டிக்கொண்டே சொன்னார். “அது அந்த வருசமே குழாய்க்குப் போயிருச்சு.” வழக்கமாக வரும் அந்த ‘அண்ணே’ வரவில்லை.

“எங்கனயாச்சும் வெடிச்சிருக்கும் மாமா” என்றாள் அவள். சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு அடுத்த தாளை எடுத்தாள்.

திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். காசுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தன் தப்பைத் திருத்திக்கொள்ள மூன்று வருடம் கிடைத்தது. அவன் புத்தகத்தில் வந்த தப்பைத் திருத்த மெஷினையே மறுபடி ஓட்டினோம். அவர்கள் கழித்துப் போட்ட தப்பு மட்டும் இவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கொண்டுபோய்க் கொடுத்தவன் நான், அது உன் தப்புதான் என்று நம்பவைத்தவனும் நான். இப்போதெல்லாம் மடிப்பதற்கு முன் ஒவ்வொரு தாளையும் வாசிக்கிறேன், ஆனால் ‘எல்லாமேவா?’ என்று அவள் கேட்டதற்கான பதில் எந்தத் தாளிலும் இல்லை.