வட்டத்துக்கு வெளியே வெய்மவுத்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. திரையில் நண்பர் செபமாலைமுத்துவின் பெயர். விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடரலாம் என்றுதான் நித்தியானந்தன் எடுத்தார். பேசியது மகள் பியற்றிஸ்.

"அங்கிள், அப்பா மோசம் போயிட்டார். நித்திரையிலயே உயிர் பிரிஞ்சிட்டுது."

'நான் இன்னும் மறுமொழி சொல்லேல்லையே' என்பதுதான் அவர் வாய்வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

அந்த மறுமொழி ஒரு படகைப் பற்றியது. பதினாலடிப் பழைய ஃபைபர் படகு, ட்ரெய்லரோடு, ரெய்னர்ஸ் லேனில் நித்தியானந்தனின் வீட்டு முன்றலில் நின்றது. செபமாலை இருந்தது கோலியர்ஸ் வுட்டில், மூன்றாம் மாடியில். இடம் இவருடையது, இழுக்கிற கார் அவருடையது. நித்தியானந்தனின் மனைவி தவநாயகி இறந்து வீடு வெறிச்சோடிக் கிடந்த வருடம், "உள்ளுக்கையே கிடந்து பழுதாகப் போறாய்" என்று செபமாலை விடாப்பிடியாக நின்று வாங்க வைத்த படகு அது. கோடையில் நாலைந்து சனிக்கிழமை கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார்கள். மீன்கூடப் பிடிப்பதில்லை.

எவ்வளவு தூரம் இழுப்பது என்பதில்தான் ஏழு வருட வழக்கு. நெடுஞ்சாலையில் லொறி முந்தும்போது ட்ரெய்லர் வாலாட்டும். நித்தியானந்தன் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். வரைபடத்தில் ரெய்னர்ஸ் லேனில் கவராயத்தை ஊன்றி, இரண்டு மணித்தியால ஓட்டத்துக்கு ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார். செபமாலை போக ஆசைப்பட்ட கடற்கரை ஊரான வெய்மவுத் அதற்கு நாலு விரல் வெளியே.

"கொக்குவிலானுக்குக் கிணத்துக்கட்டுத்தான் கடற்கரை," என்று, கடலில்லாத கொக்குவிலில் பிறந்தவரைச் சீண்டுவார் குருநகர்க் கடற்கரைக்காரரான செபமாலை. "மூண்டரை மணித்தியாலம் மச்சான். தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கும். ஒருக்கா வாவன்."

"நீ போ. நான் வட்டத்துக்குள்ள நிக்கிறன்."

"பின்னுக்கு நிண்டு கை காட்ட ஒருத்தன் வேணுமே. இல்லாட்டி உன்னை ஆர் கேட்டது?"

அது மெய்தான். தண்ணீருக்குள் ட்ரெய்லரைப் பின்பக்கமாக இறக்க ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் நின்று கை காட்ட வேண்டும். சனிக்கிழமை இரவும் இதே பேச்சுத்தான். "சரி, நாளைக்குச் சொல்லுறன்" என்று நித்தியானந்தன் தொலைபேசியை வைத்துவிட்டார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, தேவாலய வாசலில் பியற்றிஸ் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பான்ர காரை வித்திட்டம், அங்கிள். போட் உங்களிட்டயே இருக்கட்டும். கலண்டரில ஓகஸ்ட் கடைசிச் சனிக்கு வெய்மவுத் எண்டு எழுதியிருக்கிறார். உங்கட பேரையும் போட்டு."

"நான் ஓமெண்டு சொல்லேல்லையே, பிள்ளை."

"நீங்கள் கத்திப்போட்டு வருவீங்களாம். அம்மாவிட்டச் சொன்னவராம்."

அன்று வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், கவராயத்தை அகட்டி இன்னொரு வட்டம் போட்டார். வெய்மவுத் உள்ளே வந்தது. அடுத்த கிழமை தன் காருக்கு இழுவைக் கொளுக்கி பூட்டுவித்தார். கை காட்ட ஆளில்லையே என்று வெய்மவுத் துறைமுகத்துக்குத் தொலைபேசி அடித்துக் கேட்டார். தங்கள் ஆள் ஒருவர் நிற்பார், கவலை வேண்டாம் என்றார்கள். அதற்குப் பிறகு போகாமல் இருக்கச் சாட்டுச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

மிஞ்சியது நம்பர் தட்டு மட்டும். எந்தக் கார் இழுக்கிறதோ அதன் நம்பர்தான் ட்ரெய்லரின் பின்னால் இருக்க வேண்டும். அதில் இருந்தது செபமாலையின் கார் நம்பர். கடையில் தன் நம்பருக்குப் புதுத் தட்டு அடித்து வாங்கிவந்து, புறப்பட வேண்டிய நாளுக்கு முதல்நாள் மத்தியானம் திருப்புளியோடு முன்றலில் குந்தினார். இரண்டே இரண்டு திருகாணி. முதலாவது சுகமாகக் கழன்று கைக்கு வந்தது. இரண்டாவதில் திருப்புளியை வைத்தார். பிறகு அதைத் திருப்பாமலே எழும்பி, புதுத் தட்டைப் படகுக்குள் போட்டுவிட்டு உள்ளே போனார்.

ஓகஸ்ட் கடைசிச் சனி போய், செப்டெம்பர் பிறந்து இரண்டு கிழமையாகிறது. புதுத் தட்டு உறை பிரிக்காமல் படகுக்குள் கிடக்கிறது. பழையது ஒற்றைத் திருகாணியில், ஒருபக்கம் சரிந்து, இன்னும் தொங்குகிறது.