நாற்காலி கிடையாது

"ஆன்டி, ஒங்க தே மாதிரி கேஎல்லயே கிடையாது" என்று யாராவது குழைந்தால் முத்து பீவி உடனே பிளாஸ்டிக் பையை எடுத்துவிடுவார். கொதிக்கும் தேநீரை அதில் ஊற்றி, ரப்பர் பேண்டால் இறுக்கி, "புங்குஸ்" என்று அந்த ஆளின் விரலில் மாட்டிவிடுவார். பொட்டலம் கட்டியாயிற்று, இடத்தைக் காலி பண்ணு என்று பொருள். "தேனொழுகப் பேசுறவன ஒக்கார வைக்கக் கூடாது லா. கூட ஒக்காந்தே குழி பறிப்பான்."

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மோனோரயில் படிக்கட்டருகே இருக்கும் அந்தக் கடையில் இப்போது அவர் தனியாள். கணவர் ஜபருல்லா போன ஆண்டு மாரடைப்பில் போய்விட்டார். குவளையை உயரத் தூக்கித் தேநீரை இழுத்து ஆற்றுவது கணவர் செய்த வேலை. முத்து பீவிக்கு வலத்தோள் வலிக்கும். அந்த எரிச்சலைப் பக்கத்து வடைக்கடை குருமேல் காட்டுவார். குரு சிரிக்கத் தெரியாத மனிதர். முத்து பீவியின் கடைக்குடை ஒரு சாண் தன் பக்கம் சாய்ந்தாலும் சண்டைக்கு வருவார்.

கணவரின் சிவப்பு நாற்காலியில் உட்கார ஒருவருக்குத்தான் உரிமை. ஷாஹுல் ஹமீது. ஜபருல்லாவின் முப்பது வருட நண்பர், அவர் உடலை வைத்த சந்தூக்கை முன்னால் நின்று தோளில் சுமந்தவர். முத்து பீவிக்கு அவர் நானா, கூடப்பிறந்த அண்ணன் மாதிரி. உபரி கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் போய்க் கடையின் பின்புறம் தார்ப்பாய்க்கு அடியில் வைத்துக் கொடுத்ததும் அவர்தான். "ஒத்தப் பொம்பள எதுக்குக் கஷ்டப்படணும்? எடத்த எம் மச்சானுக்கு விட்டுட்டு வீட்ல இரேன்" என்பார். அக்கறை என்றே முத்து பீவி நினைத்தார்.

போன வாரம் மாநகர மன்ற அதிகாரிகள் வந்தார்கள். புகாராம். கடையின் முன்புறத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கினார்கள். ஒரு சிலிண்டருக்குத்தான் அனுமதி, இன்னொரு புகார் வந்தால் உரிமம் போய்விடும் என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள்.

முத்து பீவி குருமேல் பாய்ந்தார். "முதுகுல குத்திட்டியேடா பாவி! எம் புருஷன் கையால எத்தன தே குடிச்சிருப்ப!"

குரு வடையைத் திருப்பிப் போட்டார். "அக்கா, நான் சண்டை போட்டா ஒங்க மூஞ்சிக்கு நேராப் போடுவேன். பின்னால என்னா இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? வச்சவங்களக் கேளுங்க."

அன்று முத்து பீவி பால் டின்களை உடைத்துத் திறந்த சத்தம் எதிர்ப்பக்கப் பூக்கடைவரை கேட்டது.

மறுநாள் காலை ஹமீது வந்தார். "எவன் லா இந்த ஈன வேலைய செஞ்சது? சொல்லு தங்கச்சி, கைய முறிக்கிறேன்" என்றபடி சிவப்பு நாற்காலியைத் தேடினார். அது வடைச்சட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் விளிம்பில் குரு கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"சரி விடு. இப்பவாச்சும் எடத்த எம் மச்சான்கிட்ட..."

முத்து பீவி தேநீரை வழக்கத்தைவிட உயரமாக இழுத்தார். தோள் நடுங்கியது. பையில் ஊற்றி, ரப்பர் பேண்டை இன்னொரு சுற்று இறுக்கி, நானாவின் விரலில் மாட்டினார்.