விளக்கெண்ணெய்ப் புகை

எங்கள் வீட்டு வாத்தியார், அதாவது என் வீட்டுக்காரர், ஓய்வு பெற்றுப் பதினேழு வருடமாகிறது. அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் மொட்டை மாடிதான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கழுத்துக்கு ஒரு சுருட்டிய துண்டு, மகன் வாங்கிக் கொடுத்த பைனாகுலர். சில வருடங்களுக்கு முன்புவரை, கீழே நான் ஜெபமாலை சொல்லி முடிப்பதற்குள் மேலேயிருந்து நாலு தடவை சத்தம் வந்துவிடும். வானத்தோடு அவருக்குச் சண்டை இல்லை. சண்டையெல்லாம் தெருவிளக்கோடுதான்.

எங்கள் வாசலுக்கு நேரே கம்பத்தில் வெள்ளை விளக்கு ஒன்று மாட்டினார்கள். ஊசி விழுந்தால் எடுக்கலாம், அப்படி ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் பாதி வானம் செத்துப்போகிறது என்று நாலு மனு எழுதினார். விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டால் போதும் என்று படம்கூடப் போட்டுக் கொடுத்தார். மனுவுக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. இந்தத் தெருவில் விளக்குப் பிரச்சினை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு இன்னொரு விளக்கு மாட்டிவிட்டுப் போனார்கள்.

அது போதாதென்று ஜாதகம் கேட்டு வருகிறவர்கள். ஒரு நாள் பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தி மாடிப்படி ஏறி வந்து, "சார், நீங்க கோளெல்லாம் பாப்பீகளாமே, எம் மகளுக்குச் செவ்வா எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

"அந்தா, அங்குட்டு, தண்ணித் தொட்டிக்கு மேல செவப்பா இருக்கு பாருங்க. உங்க மகளுக்கு மட்டுமில்ல, ஊருக்கே இன்னைக்கு அங்குட்டுத்தான் இருக்கு" என்றார் இவர். அந்த அம்மா அதற்குப் பிறகு எங்களோடு பேசுவதில்லை.

எனக்கும் நிறையக் காட்டியிருக்கிறார். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் ஆறு எண்ணினேன். வியாழனுக்குப் பக்கத்தில் கடுகு போல நாலு புள்ளி பார்த்தேன். சனிக்கு வளையம் உண்டாம். அந்தப் பைனாகுலரில் அது தெரியவில்லை, நம்பிக்கொண்டேன். ஆனால் சூரிய கிரகணம் என்றால் மட்டும் அவர் வெளியே வரமாட்டார். உள்ளறைக்குப் போய் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். அது ஏன் என்று எனக்குத் தெரியும். அவருக்கு ரொம்ப நாள் தெரியாதிருந்த மிச்சமும் எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமான புதிதில் இவர் எழுத்துச் சொல்லித்தர வந்தபோது, கட்டினவரிடம் கைகட்டி நின்று படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு என் பிள்ளைகள் படித்தபோது கூட உட்கார்ந்து நானே படித்துக்கொண்டேன். அந்த வீம்பு எனக்கு எப்போதும் உண்டு. வந்த வினையும் அதனால்தான்.

என் மூத்தவன் தொட்டிலில் கிடந்த காலம். அப்போது ஒரு கிரகணம் வந்தது. ஊரெல்லாம் பிள்ளைகளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்த, இவர் மட்டும் தன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டியே தீருவேன் என்று நின்றார். ஒரு பெரிய வீட்டில் ஜன்னல் மாற்றியபோது உடைந்த கண்ணாடிகளைக் கேட்டு வாங்கி, உள்ளங்கை அளவுக்கு வெட்டிக் கொண்டுவந்தார். மண்ணெண்ணெய் விளக்கில் கரிபிடிக்கக் காட்டித் தரவேண்டியது என் வேலை. "அட்டக்கரியா இருக்கணும், வெளக்கப் பாத்தாக்கூட மங்கலாத்தான் தெரியணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முக்கால்வாசி ஆனபோது மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் இருந்தது. ஆனால் அவளுக்கும் எனக்கும் கழிவுத் தண்ணீர் ஓடுவதில் சண்டை, பேச்சு இல்லை. அவள் வாசலில் போய்க் கிண்ணத்தோடு நிற்பதா? என்னால் முடியாது. வீட்டில் விளக்கெண்ணெய் இருந்தது. என் பிள்ளைக்குக் கண்மை கூட்ட அதில்தான் திரி போட்டுப் புகை பிடிப்பேன். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. மண்ணெண்ணெய்ப் புகை கண்ணைக் கரிக்கும். விளக்கெண்ணெய்ப் புகை கண்ணுக்குக் குளிர்ச்சி. அப்படியென்றால் இது இன்னும் நல்லதுதானே? மிச்சக் கண்ணாடிகளை அந்தப் புகையில் காட்டினேன். கரி மெல்லிசாகத்தான் ஒட்டியது. மையென்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை.

கிரகணம் முடிந்து மூன்றாம் நாள், ஒரு பெண்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அப்பா பள்ளிக்கூட வாசலில் வந்து கத்தினார். ஒரு கண்ணால் பலகையைப் பார்த்தால் நடுவில் ஒரு பொட்டு மறைக்கிறது என்றாளாம் அந்தப் பிள்ளை. மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அந்தக் கண்ணுக்கு இனி அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள். இவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். "கண்ணாடி போதாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று அன்று சொன்னதுதான். அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வழி எங்கள் தெருதான். முகத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டுதான் நடப்பாள். அவள் போகிற நேரத்துக்கு நான் ஜன்னல் பக்கம் வரமாட்டேன். கல்யாணமாகி அவள் ஊரைவிட்டுப் போன பிறகும் அந்த நேரம் வந்தால் கை தானாக ஜன்னலைச் சாத்தும். கண்மை கூட்டுவதையும் விட்டுவிட்டேன். மருமகள் கேட்டதற்கு, கடையில் விற்கிறதே என்றேன்.

கோவிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். ஒரு சாமியாரிடம் இல்லை, எங்கள் பங்குக் கோவிலுக்குப் புதிதாக வந்த ஒவ்வொருவரிடமும். ஜெபம் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். கடைசியாக வந்த இளவயதுச் சாமியார்தான் கேட்டார்: "இத ஏற்கனவே ஆண்டவர் மன்னிச்சிட்டாரும்மா. வீட்டுக்காரர்ட்ட சொன்னீங்களா?" நான் எழுந்து வந்துவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன்பு, காலையில் ஒரு கிரகணம் வந்தது. தெருவில் பிள்ளைகள் அட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூத்தாடினார்கள். இவர் உள்ளறையில். வெயில் பழையபடி ஏறிய பிறகு வெளியே வந்து என்னிடம் சொன்னார்:

"அந்தப் பிள்ள இப்ப நெற்குப்பை ஊருல இருக்காம். நாளைக்குப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்துர்றேன். எனக்கும் வயசு எழுவதத் தாண்டிருச்சு."

என் தப்புக்கு இவர் போய் இன்னொரு முறை தலை குனிவதா? அங்கே போவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"நானும் வாரேன்" என்றேன்.

"நீ எதுக்கு?"

"பஸ்ஸுல ஏறி எறங்க ஒங்களுக்கு ஒரு ஆளு வேணாமா?"

காரைக்குடி போய் மாறினோம். பஸ்ஸில் மூன்று தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை பாட்டுச் சத்தம். ஒரு தடவை கண்டக்டர். மூன்றாம் தடவை ஒரு தடங்கலும் இல்லை. அப்போதும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது நரை கண்டுவிட்டது. வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறாள். நாங்கள் போனபோது கைமுறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்களா! என்ன, இம்புட்டுத் தூரம்? ஒக்காருங்க. அம்மா, நீங்களும் வந்திருக்கீகளா!"

இவர் உட்காரவில்லை. "தாயி, அன்னைக்கு ஒனக்கு நான் குடுத்த கண்ணாடி..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

"அட, அதுக்கா வந்தீக? முறுக்குச் சுத்த ஒரு கண்ணு போதும் சார்" என்று சிரித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணு தெரியுமா சார்? மத்த பிள்ளைகெல்லாம் மங்கலாத் தெரியுது மங்கலாத் தெரியுதுன்னுச்சுக. எனக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. சார் எனக்குன்னு பாத்து நல்ல கண்ணாடியாக் குடுத்திருக்காகன்னு நெனச்சேன். யார் கேட்டும் குடுக்கல. நானே பாத்துக்கிட்டிருந்தேன்."

"எல்லாம் ஒண்ணுபோலத்தானே பிடிச்சது" என்று இவர் என் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் சொன்னேன். நின்றபடியே, எண்ணெய் தீர்ந்ததிலிருந்து எல்லாவற்றையும். பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்காததையும் சொன்னேன். இவர் மெதுவாக உட்கார்ந்தார். அவள் முகத்தைத் திருப்பி, நல்ல கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"வெளக்கெண்ணெயா?" என்றாள். "எங்கம்மாவும் பொறவு அதத்தான் சார் கண்ணுல விட்டுச்சு. ஒரு மண்டலம் விட்டுச்சு. குளிர்ச்சின்னு."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை. எண்ணெய் காய்ந்துவிட்டது என்று அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் கல்லில் உட்கார்ந்திருந்தோம். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை கண்ணாடி?" என்று கேட்டார்.

"எது?"

"வெளக்கெண்ணெயில பிடிச்சது."

"பன்னெண்டு இருக்கும்."

"அதுல ஒண்ணு இந்தப் பிள்ளைக்கு. மிச்சம் பதினொண்ணு?"

அத்தனை வருடத்தில் அந்தக் கணக்கு எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரு பிள்ளையைத்தான் நான் சுமந்துகொண்டிருந்தேன்.

"யாரும் வந்து சொல்லலையே" என்றேன்.

"இவளுக்கு அப்பன் வந்து சத்தம் போட்டான். சத்தம் போட ஆள் இல்லாத பிள்ளைகளும் அந்த வகுப்புல இருந்துச்சுக."

இப்போதும் மாடிக்குப் போகிறார். பைனாகுலர் அதன் பையிலேயே கிடக்கிறது. தெருவிளக்கைத் திட்டுவதும் இல்லை. அந்த வருடத்து வகுப்பை, முதல் பெஞ்சிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். நான் ஒரு நோட்டில் எழுத்துக்கூட்டி எழுதுகிறேன். மலேசியாவில் இருப்பவன், சாக்கோட்டையில் கடை வைத்திருப்பவள், செத்துப்போனவன். முப்பத்தெட்டுப் பெயர் வந்துவிட்டது. மூன்று பெயர் வரவில்லை. பெஞ்சில் அந்த மூன்று இடம் அவருக்கு இரவெல்லாம் காலியாக நிற்கிறதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தேன். அந்த நோட்டில் இருக்கிற ஒருவன் கோவில் வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். செருப்பு அவன் கண்ணுக்கு நேரேதான் கிடந்தது. பார்வை அதன் மேல் இரண்டு தடவை போய், அதைத் தாண்டிப் போய்விட்டது. கடைசியில் காலால் துழாவித்தான் கண்டுபிடித்தான். நிமிர்ந்தவன் என்னைப் பார்த்து, "என்னம்மா, சார் நல்லாருக்காகளா?" என்றான்.

வயதானால் எல்லோருக்கும் வருவதுதான் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"நல்லாருக்காகப்பா" என்றேன். "ஒன்னய ஒண்ணு கேக்கணும். சின்னதுல சார் ஒங்களுக்குக் கிரகணம் காட்டுனாகள்ல. ஒனக்கு அன்னைக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சா?"