வில்வம் என்று கண்ணில் ஒற்றினேன்

கடந்த கோடையில் எங்கள் கல்லூரி இளைஞர் குழு கனடாவின் மொன்றியல் நகருக்குச் சென்றது. ஊர் சுற்றிப் பார்ப்பதோடு, அங்குள்ள இல்-பிசார் என்ற தீவின் பூங்காவில் களை பிடுங்குவதும் எங்கள் வேலை. அங்கே மரநிழலில் மூன்று மூன்று இலைகளோடு ஒரு செடியைப் பார்த்தேன். வில்வக் கன்று என்றே நினைத்து, கையுறையைக் கழற்றி ஓர் இலைக்கொத்தைக் கிள்ளிக் கண்களில் ஒற்றிக்கொண்டேன்.

"ஐயோ தம்பி, கீழை போடும்! அது நச்சுக்கொடி, தொட்டாலே வீங்கிப்போகும்!" என்று கத்தினார், எங்களை அழைத்துப்போன யாழ்ப்பாணத்து அக்கா. "கும்பிட முதல் என்ன செடியெண்டு கேக்கக்கூடாதோ?"

"சாமி இலைன்னு நினைச்சேன்க்கா. பார்வை போயிடுமா?"

"இப்ப ஒண்டும் சொல்லேலாது. முதல் கழுவும்."

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடினோம். அவர் மருந்து கொடுத்தார். ஆனாலும் மறுநாள் விழித்தபோது வீங்கிய இமைகள் பிரியவில்லை. ஒரே இருட்டு. எங்கள் வீட்டில் எழுத்துப் படிக்கத் தெரிந்த கண்கள் இவை மட்டும்தான். போனில் அம்மா "சாப்பிட்டியா?" என்றபோது, "சாப்பிட்டேம்மா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சில நாட்களில் வீக்கம் வடிந்து, மருந்து டப்பாவில் இருந்த எழுத்து தெரிந்ததும் அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் பெயர் கேட்காமல் எந்தச் செடியையும் தொடுவதில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் குருக்கள் வில்வம் தந்தாலும், ஒருமுறை உற்றுப் பார்த்த பிறகே கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.