எரிமலை ஊரில் தலைமுழுகியது

எரிமலைச் சரிவிலிருக்கும் அந்த ஜப்பானிய ஊரில் சாக்கடை மூடிகளிலிருந்துகூட ஆவி வரும். காற்று முழுக்க அவித்த முட்டை நாற்றம். நிலத்துக்கடியிலிருந்து கொதித்து வரும் தண்ணீரை நம்பித்தான் ஊரே பிழைக்கிறது. ஜப்பானில் முதியோர் இல்லமொன்றில் என்னோடு வேலை செய்யும் இரண்டு பெண்கள் ஒரு விடுமுறைக்கு என்னை அங்கே கூட்டிப்போனார்கள்.

குளிக்குமிடத்தில் பெண்கள் எல்லோரும் உடுப்பில்லாமல் ஒன்றாக இறங்க வேண்டும். இலங்கையில், மாத்தளையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் பாவாடையை நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டிக் குளித்துப் பழகியவள் நான். கூச்சம் போன பிறகு கழுத்து வரை சுடுதண்ணீரில் கிடந்தேன். தலைமயிர் தண்ணீரில் படக்கூடாது என்பது அங்கே கட்டாயம். உச்சியில் கொண்டை போட்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை வரை படித்த முதல் ஆள் நான். இந்தச் சுகம் நான் படித்துச் சம்பாதித்தது என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

உடுப்பு மாற்றும் அறைக்கு வந்து கைபேசியை எடுத்தபோது அம்மாவின் குரல் பதிவு ஒன்று இருந்தது.

"பெரியம்மா விடியக்காலையில போயிட்டாங்க. ஒனக்கு வர ஏலாதுன்னு தெரியும். தலைக்குப் பச்சத்தண்ணி ஊத்திக்க. அது போதும்."

சாவுச் செய்தி கேட்டால் குளிர்ந்த தண்ணீர் மூன்று வாளி ஊற்றித் தலைமுழுக வேண்டும். அவ்வளவு தூரத்தில் இருந்த எனக்கு மிஞ்சியிருந்த கடமை அது ஒன்றுதான்.

பெரியம்மா அம்மாவின் அக்கா. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், எங்கள் காம்பராவிலேயே இருந்தார். தை மாதக் குளிரில் நான் பள்ளிக்கூடம் போகுமுன் அடுப்பில் கேத்தல் வைத்து, கொதித்ததை என் வாளியில் கலந்து, முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பார். ஒனக்குச் சளி பிடிச்சா பரீட்சையை நானா எழுதுறது என்று கேட்பார். கொழுந்து பறித்துவிட்டு வந்து அவர் குளித்ததெல்லாம் பீலித் தண்ணீரில்தான். விறகு எனக்கு மட்டும்தான்.

திரும்ப உள்ளே போய், உடம்பு கழுவுகிற இடத்தில் சின்ன முக்காலியில் உட்கார்ந்தேன். கொண்டையை அவிழ்த்தேன். குழாயைக் குளிர் பக்கம் திருப்பி வாளியை நிறைத்து ஊற்றினேன். மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. பக்கத்தில் இருந்த வயதான பெண், வெளிநாட்டுக்காரிக்குக் குழாய் பிடிபடவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே கையை நீட்டிச் சூட்டுப் பக்கம் திருப்பிவிட்டார்.

வீட்டில் ஒரு சாவு என்று அவர் பாஷையில் சொல்ல எனக்குத் தெரியும். என் வேலையில் அடிக்கடி சொல்ல வேண்டிய வார்த்தைகள் அவை. நன்றி என்று மட்டும் சொன்னேன். குழாயைத் திருப்பவில்லை. இரண்டாவது வாளி இதமாக இறங்கியது. மூன்றாவதும்.

அன்றிரவு தொலைபேசியில் அம்மா கேட்டபோது பச்சைத் தண்ணீர்தான் என்றேன்.

அடுத்த வருஷம் லீவில் ஊருக்கு வந்தேன். அந்த நாட்டுக் குளிரிலும் மகள் முறை தவறவில்லை என்று அம்மா லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பக்கத்துக் காம்பரா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "படிச்ச புள்ளைங்க இதெல்லாம் எங்க செய்யுது?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் காலை பீலியடிக்குப் போனேன். பின்னாலேயே அம்மா கேத்தலோடு வந்தார்.

"ஜப்பான்காரிக்குச் சுடுதண்ணி இல்லாம முடியாதே."

"வேணாம்மா. அன்னிக்கு நான் ஊத்துனது பச்சத்தண்ணி இல்ல. மொத வாளி மட்டுந்தான்."

அம்மா லயத்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கேத்தல் மூக்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"இத வெளியில சொல்லிராத" என்றார். பிறகு கேத்தலைக் கல்லின் மேல் தள்ளி வைத்தார். "மிச்ச ரெண்டையும் ஊத்து."

கொண்டையை அவிழ்த்துவிட்டு வாளியைப் பீலிக்குக் கீழே வைத்தேன்.