அத்தானின் எரிமலைக் குண்டு

அத்தானுக்கு எரிமலைத் தீவுகள் என்றால் உயிர். மட்டக்களப்பில் பிறந்து, இறால் பிடித்து வளர்ந்த ஆளுக்கு எரிமலை எங்கே கிடைத்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். எங்கள் ஊரில் உயரமான சாமான் என்றால் தண்ணீர்த் தாங்கிதான். ஆனால் மனிதர் புலமைப்பரிசிலில் வெளிநாடு போனார், கல்லையும் மண்ணையும் படித்தார், கடைசியில் நடுக்கடலில் புகைந்துகொண்டிருக்கும் ஒரு தீவில் போய் ஆராய்ச்சி செய்தார். அம்மாவின் அண்ணன் மகன். எனக்கு அப்போது அவர்தான் ஹீரோ. வேறு ஆள் இல்லை.

சண்டை நடந்துகொண்டிருந்த ஒரு வருடம் லீவில் வந்தார். என்னுடைய கம்பஸ் வழமைபோல மூடிக் கிடந்தது. நான் வீட்டில் சும்மா இருந்து அம்மாவின் வாயைக் கிளறிக்கொண்டிருந்தேன். அத்தான் என்னைத் தோணியில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போனார். புத்தகத்தில் வாவி என்று எழுதுவோம், வீட்டில் அது ஆறுதான். கரைச் சேற்றில் பிவிசி குழாயை அடித்து இறக்கி, உள்ளே ஏறும் மண்ணோடு அப்படியே இழுத்து எடுக்க வேண்டும். குழாயைப் பிளந்தால் கறுத்த சேறு, கறுத்த சேறு, நடுவில் திடீரென்று விரல் தடிப்பில் வெள்ளைக் கடல் மணல்.

"இது எப்பிடி இஞ்ச வந்த எண்டு சொல்லு பாப்பம்."

"ஆரும் வீடு கட்டக் கொட்டியிருப்பாங்க."

"மொக்கு. இது அலை கொண்டு வந்து போட்ட மணல். எவ்வளவு காலத்துக்கு முன்னமோ தெரியா. அதத்தான் தேடுறன்."

மனிதர் கதைக்கத் தொடங்கினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். தீவு கடலடியிலிருந்து குழம்பைக் கக்கிக் கக்கி வளருமாம். வளர வளரத் தன் பாரத்திலேயே கீழே அமிழுமாம். ஒருநாள் நெருப்பு அணைந்து, மலை கரைந்து, கடைசியில் பவளப்பாறை வளையம் மட்டும் மிஞ்சுமாம்.

"வெடிக்கிறதுதானே அத்தான் பயம்?"

"வெடிக்க முன்னம் புகை வரும், நிலம் ஆடும், ஓடித் தப்பலாம். பொல்லாதது மற்றது. மலை சும்மா இருக்கும். ஒரு நாளைக்கு அதிட ஒரு பக்கம் கழண்டு கடலுக்க போகும். மறுகா வாற அலைய ஆர் மறிக்கிற?"

அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, "அங்க போய்க் குடியிருக்கிறதுகளுக்கு அறிவில்லையா மனே?" என்றா.

"இஞ்ச குடியிருக்கிற நமக்கு மட்டும் இருக்காக்கும் மாமி" என்றார் அத்தான். அம்மா விழுந்து விழுந்து சிரித்தா.

அடுத்த முறை அந்தத் தீவுக்குப் போகும்போது என்னையும் உதவியாளாகக் கூட்டிப் போவதாகச் சொன்னார். சும்மா வாய்ப்பேச்சு இல்லை, தன் பேராசிரியரிடமும் கதைத்துவிட்டாராம். நான் உடனே போய் இரவல் டை கட்டிப் பாஸ்போட்டுக்குப் படம் எடுத்தேன். எனக்கு வேண்டியது அந்தத் தீவு ஒன்றுதான். செக்பொயின்ட் இல்லாத ஒரு மலையில் ஏறி நின்று, கீழே நெருப்பைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

அச்சாரம் மாதிரி ஒரு கல்லும் தந்தார். கறுப்பு, நல்ல பாரம், நடுவில் பருத்து இரண்டு முனையும் கூர்ந்தது. மேலே பேக்கரிப் பாண் தோல் மாதிரி வெடிப்பு.

"என்ன கல் அத்தான்?"

"கல்லா? கல்லெண்டு சொன்னா அடிப்பன். இது எரிமலைக் குண்டு. மலை துப்பின குழம்பு ஆகாயத்தில சுழண்டு சுழண்டு வந்து இறுகி விழுந்தது. சரியான பேரச் சொல்லிப் பழகு."

பழகினேன். வீட்டையும் பழக்கினேன். "கல்லில்ல அம்மா, குண்டு" என்று திருத்தித் திருத்தி ஒரு கிழமைக்குள் அம்மாவும் குண்டு என்றே சொன்னா. வெயிலில் காயும் கருவாட்டின் மேல் வலை போட்டு மூடுவா. காகம் இழுக்காமல் அதன் மேல் பாரம் வைக்க அதுதான் வசதி. உலகத்தில் எந்த எரிமலைக் குண்டும் கருவாட்டுக்குக் காவல் இருந்திருக்காது.

ஒருநாள் பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அத்தான் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா குசினிக்குள்ளிருந்து முழுத் தெருவுக்கும் கேட்கக் கத்தினா:

"மனே! குண்டு வெளிய கிடக்கு! கெதியா எடுத்து உள்ள ஒளிச்சு வை!"

ஒளிச்சு வை என்றது, முதல் நாள் யாரோ பெடியள் அதைத் தூக்கி விளையாடியதால். ஆனால் வேலிக்கு அங்கால் ரோந்து வந்த ஆமிக்கு அந்தக் கதை தெரியுமா? எங்கள் பக்கம் வந்து இறங்கும் எந்த ஆமிக்காரனும் முதலில் படிக்கும் தமிழ்ச் சொல் குண்டு.

வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்தார்கள். மூன்று பேரையும் முற்றத்தில் முழங்காலில் இருத்தினார்கள். பெரியவன் ஒருவன் கொச்சைத் தமிழில், "குண்டு எங்க?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, நம்புங்கள். வலைக்கு மேல் கிடந்ததைக் காட்டி, "அதுதான் சேர் குண்டு. எரிமலைக் குண்டு" என்றேன். கன்னத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

"ஆர் குடுத்த?"

"இவர்தான் சேர். என்ட அத்தான். இவர் எரிமலை படிக்கிறவர், இவரிட்டக் கேளுங்க, சொல்லுவார்."

அத்தான் எழும்பினார். சட்டைப்பையிலிருந்து பாஸ்போட்டை எடுத்தார். கழுவித் துடைத்த ஆங்கிலத்தில் கதைத்தார். தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர், இன்னும் சில நாளில் போகப்போகிறவர், மாமியைப் பார்க்க வந்த விருந்தாளி. அந்தச் சாமானைத் தான் இதற்கு முன் கண்டதே இல்லை. பெடியன் யாரோடு திரிகிறான் என்பதும் தனக்குத் தெரியாது.

கடைசி வசனத்தை யாரும் அவரிடம் கேட்கவில்லை. தானாகச் சேர்த்தார்.

எனக்கு ஆங்கிலம் விளங்கும். அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. முழங்காலில் இருந்தபடி அவரைப் பார்த்துக் கைகூப்பினா. என் பக்கம் கிறுகி, "பயப்பிடாத மனே, அத்தான் கதைக்கிறான்" என்று மெல்லச் சொன்னா.

என்னைக் கொண்டுபோனார்கள்.

முகாமில் நடந்ததை எழுதப்போவதில்லை. அடி அடிதான். இரவல் டை கட்டி எடுத்த படம் என் பேர்ஸில் இருந்தது. அதைத்தான் அங்கே என் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் அத்தான் மனம் மாறி வந்திருப்பார் என்று எட்டிப் பார்த்தேன். இதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது, அடி வாங்கியதை அல்ல.

ஒருநாள் வேறொரு அதிகாரி வந்தான். குண்டைக் கையில் எடுத்தான், முகர்ந்தான், வெளியே கொண்டுபோய்ச் சுத்தியலால் ஒரு முனையைத் தட்டி உடைத்தான். உள்ளே பஞ்சு மாதிரிச் சின்னச் சின்ன ஓட்டை, இடையில் பச்சைப் பளிங்குப் பொட்டுகள். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "கல" என்றான். சிங்களத்தில் கல என்றால் கல். எங்கள் சொல்லுக்கும் அவர்கள் சொல்லுக்கும் அவ்வளவுதான் தூரம். அம்மா முதலில் சொன்னமாதிரியே கல் என்று சொல்ல விட்டிருந்தால் அந்த ரோந்து பேசாமல் போயிருக்கும்.

இரண்டு துண்டையும் கையில் தந்து வீட்டுக்கு விட்டார்கள்.

அத்தான் அடுத்த நாளே கொழும்பு பஸ் ஏறிவிட்டாராம். அம்மாவிடம், "சொல்லிற்றன் மாமி, விட்டிருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தா. "அவன் மட்டும் இல்லாட்டி என்ட புள்ளைய ஆர் விட்டிருப்பாங்க?" அவர் வீட்டுக்கு நல்ல விரால் பார்த்து வாங்கிக் கொடுத்தும் அனுப்பினா. நான் வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னால் அம்மாவுக்கு அண்ணன் வீடு இல்லை. இருந்த உறவும் அது ஒன்றுதான்.

தீவுக்கு வேறு யாரோ போனார்கள். எனக்கு ஒரு வரிகூட வரவில்லை.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம் அத்தானின் கோல் வந்தது. அம்மாதான் எடுத்தா. "மனே, நீ அண்டைக்குக் கதைச்ச கதையாலதான் இவன் இண்டைக்கு உசிரோட இருக்கான்" என்று அழுது, கும்பிட்டு, கடைசியில் ஃபோனை எனக்குத் தந்தா.

"மச்சான், எப்பிடி? அந்தச் சாம்பிள் இன்னும் இருக்கா?"

"எந்தச் சாம்பிள்?"

"நான் தந்த குண்டுடா. அது டிப்பார்ட்மென்டிட சாமான். திருப்பிக் குடுக்காட்டி எனக்குப் பிரச்சினை. பார்சல் பண்ணேலுமா?"

நான் தந்த குண்டு. எவ்வளவு சுகமாக வந்தது அந்தச் சொல். தமிழில் வேறு.

"அனுப்புறன் அத்தான். அதுக்கு முன்னம் ஃபோன அம்மாட்டக் குடுக்கிறன். அண்டைக்கு ஆமிக்கு இங்கிலீசில சொன்னதத் தமிழில சொல்லுங்க. அவக்கு விளங்கேல்ல."

"லைன் கிளியர் இல்ல மச்சான், மறுகா எடுக்கிறன்" என்றார். வைத்துவிட்டார்.

அம்மா பக்கத்திலேயே நின்றா. "என்னவாம்? எனக்கு என்ன விளங்கேல்லையாம்?"

வாய் நுனிவரை வந்தது. அவவின் முகத்தில் அழுத ஈரம் இன்னும் காயவில்லை.

"கல்லக் கேக்கிறார்."

"குடுத்து விடன் மனே. அவன் நமக்குச் செய்ததுக்கு ஒரு கல்லு பெரிசா?"

அம்மா முற்றத்துக்கு இறங்கி, வலைக்கு மேல் கிடந்த உடைந்த துண்டை எடுத்துச் சீலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினா. நான் கிட்டப் போய் அவவின் கையிலிருந்து அதை வாங்கினேன்.

"இருங்கம்மா. இத அனுப்பேலாது. ஏனெண்டு சொல்றன்."