ஒரு நுகத்தடியில் இரண்டு பேச்சு

என் மருமகள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டுப் போனால் மதியம் வந்துவிடுவாள். அங்கே முதலில் ஒரு பாஷை கற்க வேண்டுமாம். மனுஷரோடு பேசுவதற்கு இல்லை, மிஷினுக்கு உத்தரவு போடுகிற பாஷை. ஜாவா என்று ஒன்று, சி ஷார்ப் என்று ஒன்று. இரண்டும் அக்கா தங்கை மாதிரி என்கிறார்கள். அப்படியானால் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றால், அங்கேதான் பேஜாரு. ஜாவாதான் என்கிறான் என் மகன். சி ஷார்ப்தான் என்கிறான் விழுப்புரத்தில் இருக்கும் அவள் அண்ணன். இரண்டு பேரும் போனில் மாற்றி மாற்றிப் பாடம் நடத்தினார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் கேட்டால் மட்டும் இரண்டு பேருக்கும் கோபம் வந்தது.

திங்கட்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டுமாம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்களே சொல்லிடுங்க அத்தை, எத எடுக்கட்டும்?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். எழுத்துக் கூட்டி பஸ் போர்டு படிக்கிறவள் நான். ஆனாலும் இந்த வழக்கு எனக்குப் புதிது இல்லை. பாவாடை கட்டிய வயதிலேயே இதைத் தீர்த்துவைத்தவள் நான்.

ஒலக்கூர் பக்கம் எங்கள் ஊர். எங்கள் வண்டி மாட்டில் ஒன்று செத்துப்போய், செவலை மட்டும் தனியாக நின்றது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பிரம்மதேசத்திலிருந்து, அம்மா பிறந்த வீட்டில் வளர்ந்த வெள்ளை மாட்டை ஓட்டிவந்து ஜோடி சேர்த்தார். உயரம், நடை எல்லாம் ஒத்துப்போயிற்று. பூட்டின பிறகுதான் தெரிந்தது, இரண்டுக்கும் பேச்சு வேறு.

போ என்பதற்கும் நில் என்பதற்கும் இரண்டு ஊரிலும் ஒரே சத்தம்தான். திருப்பும்போதுதான் வம்பு. வலது பக்கம் திரும்ப எங்கள் அப்பா "தா, தா" என்பார். மாமா வீட்டில் நாக்கை மடித்து "ட்ளக், ட்ளக்" என்று தட்டுவார்கள். இடது பக்கத்துக்கும் அப்படியே ஆளுக்கொரு சத்தம். கயிற்றை மட்டும் இழுத்தால் மாடு தலையைத்தான் திருப்பும், காலைத் திருப்பாது. சத்தமும் சேர வேண்டும்.

தன் மாடு நல்ல பழக்கத்தில் வளர்ந்தது, இந்த வீட்டில் இருப்பவர்கள்தான் அதன் பேச்சைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மாமா சொன்னார். அப்பா விடவில்லை.

"எங்க வூட்டுக்கு வந்துட்டா எங்க பேச்சுதான். அது எங்க பொறந்திருந்தா இன்னா."

அம்மா இருவருக்கும் கேப்பைக் களி போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கோ வண்டி ஓட்டப் பைத்தியம். அப்பாவிடம் கேட்டால் அப்பா பேச்சைச் சொல்லிக்கொடுத்தார், மாமாவிடம் கேட்டால் மாமா பேச்சை. எது நல்லது என்று தெரியாமல், யாருக்கும் மனவருத்தம் வேண்டாம் என்று, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தேன். செவலை திரும்பலாம் என்று பார்த்தது. வெள்ளையும் திரும்பலாம் என்று பார்த்தது. ஒன்று திரும்பும்போது மற்றது யோசித்தது. வண்டி நேராகப் போய் வாய்க்காலில் இறங்கியது. களத்தில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இந்த வண்டியை ஓட்ட உனக்கு இன்னொரு நாக்கு வேணும்டி என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னதை ஊரே சொல்லிக்கொண்டு திரிந்தது.

மாமா ஊருக்குப் போய்விட்டார். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கி, ஆய்ந்து, காயவைத்து மூட்டை கட்டியாயிற்று. திண்டிவனம் மண்டிக்கு ஏற்ற வேண்டிய அன்றைக்குத்தான் அப்பாவின் கால் முள் குத்திச் சீழ் வைத்துப் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் மல்லாட்டை முளைவிட்டுவிடும், அந்த வருஷத்துப் பாடு அத்தனையும் போச்சு. ஊரில் வண்டி ஓட்டுகிற ஆம்பிளைகள் அவரவர் மூட்டையோடு விடிவதற்குள் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

அம்மா ஓட்டக்கூடாதா என்றால், கூடாது. வாழ வந்த ஊரில் ஒரு மருமகள் முன்னால் உட்கார்ந்து கயிறு பிடிப்பது அன்றைக்கு வழக்கம் இல்லை. வயசுக்கு வராத பெண் பிடித்தால், சின்னது விளையாடுகிறது என்று விட்டுவிடுவார்கள். ஆக, நான் முன்னால். தலைக்கு முந்தானை போட்டுக்கொண்டு அம்மா மூட்டைமேல்.

நுகத்தடியைப் பூட்டும்போதே ஒரு முடிவு எடுத்தேன். இரண்டில் எது உசத்தி என்று யோசிக்கவில்லை. செவலைக்கு அப்பா பேச்சு தண்ணீர்ப்பட்டபாடு. செவலை திரும்பினால் ஒரே நுகத்தடியில் கட்டின வெள்ளை எங்கே போகும்? இன்றைக்கு ஒரே பேச்சு. உயிர் போனாலும் மாற்றக்கூடாது.

முதல் திருப்பத்திலேயே வெள்ளை காலை ஊன்றிக்கொண்டு நின்றது. என் நாக்கு தானாக மடிந்தது. பல்லால் கடித்துக்கொண்டு "தா, தா" என்றே சொன்னேன். செவலை இழுத்த இழுப்பில் வெள்ளையும் வந்தது, மனசில்லாமல். அடுத்த திருப்பத்தில் கொஞ்சம் சுலபம். அதற்கடுத்ததில், நான் வாயைத் திறந்ததும் வெள்ளையின் காது என் பக்கம் சாய்ந்தது. அந்தக் காதைப் பார்த்ததும் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தேன்.

மண்டி வாசல் குறுகல். ஒரு லாரி வேறு பாதி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொட்டப்புள்ள ஓட்டிக்கினு வருதுடா. ஒதுங்கிக்கங்க, மேல வுட்டுடப் போவுது."

நான் ஒரே ஒரு தரம் "தா" என்றேன். செவலை அல்ல, வெள்ளைதான் முதலில் கழுத்தைச் சாய்த்துத் திரும்பியது. செவலை அதன் பின்னால் போயிற்று. சக்கரம் வாசல் கல்லில் உரசக்கூட இல்லை. ஒதுங்கினவர்கள் ஒதுங்கினபடியே நின்றார்கள். கடைசி மூட்டை கொட்டகைக்குள் போனதும் மழை பிடித்துக்கொண்டது. யாரு வூட்டுப் பொண்ணு இது என்று ஒருவர் கேட்டார். எங்க வூட்டுப் பொண்ணு என்று அம்மா வண்டிமேலிருந்து சத்தமாகச் சொன்னாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மாட்டுப் பொங்கலுக்கு மாமா வந்தபோது அவர் பேச்சையும் கற்றுக்கொண்டேன். ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது. கயிறும் சக்கரமும் திருப்பமும் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டன, நாக்கை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

இவ்வளவையும் கேட்டுச் சிரித்துவிட்டு மருமகள் எழுந்துபோய்விட்டாள். அவள் எடுத்தது சி ஷார்ப். வகுப்பில் பக்கத்து நாற்காலிப் பெண் அதைத்தான் படிக்கிறாளாம், சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ளலாமாம். என் மகனுக்கு முகம் தொங்கிப்போனது. போன வாரம் அவள் எழுதின உத்தரவு மிஷினில் ஓடியது என்று மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிட்டாள். அடுத்து ஜாவாவையும் ஒரு கை பார்க்கிறாளாம்.

திரும்பி வந்த வழியை மட்டும் நான் அவளுக்குச் சொல்லவில்லை.

மழை விட்டிருந்தது. காலி வண்டி, வழி நெடுக ஆள் இல்லை. நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு திருப்பத்தில், நான் வாய் திறப்பதற்கு முன்னால், எனக்குப் பின்னாலிருந்து மெதுவாக "ட்ளக், ட்ளக்" என்று சத்தம் வந்தது. மாமா தட்டுவதைவிட சுத்தமாக. திரும்பிப் பார்த்தேன். அம்மா. முந்தானை தோளில் இறங்கிக் கிடந்தது.

எனக்கு ஒரே குஷி. "சத்தமா சொல்லும்மா. அதுக்குக் கேக்கட்டும்" என்றேன்.

"அதுக்குக் கேட்டுடிச்சி" என்றாள் அம்மா.

வெள்ளை மாட்டின் இரண்டு காதுகளும் பின்பக்கம் திரும்பி நின்றன. ஊர் எல்லை வந்ததும் அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். மாட்டோடு விளையாடினாள் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்.